சித்தியின் கால்குலேட்டருக்குள் திருநீறு

கால்குலேட்டரின் முதுகில் ஒரு கதவு இருக்கிறது என்பதை நான் எட்டு வயதில் கண்டுபிடித்தேன். பூனாகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், வரிசையாக ஒட்டிக் கட்டிய லயத்தில், எங்கள் வீட்டில்தான் அம்மாவின் தங்கையும் இருந்தாள். சித்தி பதுளைக்குப் போய் நில அளவை படித்துக்கொண்டிருந்தாள். கடைசிப் பரீட்சையில் தேறாவிட்டால் காலையில் வேலைக்கு ஆள் எடுக்கிற பெரட்டுக்குப் போய்ப் பேர் பதிந்து, அம்மாவோடு கொழுந்து எடுக்க வேண்டியதுதான் என்று வீட்டில் பேச்சாகியிருந்தது.

அந்தக் கால்குலேட்டர் சாமிப்படத்துக்குப் பக்கத்தில் இருக்கும். நான் தொடக்கூடாது என்பதால் அதைப் பற்றி எனக்கு எல்லாம் தெரிந்திருந்தது. ஒருநாள் எழுத்து மங்கியபோது சித்தி பின்பக்கத்துச் சின்ன ஆணியைக் கழற்றி மூடியை நகர்த்தினாள். உள்ளே, டிவி ரிமோட்டுக்குப் போடுகிற அதே பேட்டரி, ஒன்றே ஒன்று படுத்திருந்தது. தட்டையான பக்கம் சுருள் கம்பியை அழுத்தியது. மொட்டு வைத்த பக்கம் எதிரே இருந்த தகட்டைத் தொட்டது. பள்ளத்தின் அடியில் ஒரு கூட்டல் குறியும் ஒரு கழித்தல் குறியும் இருந்தன. கூட்டலும் கழித்தலும் இங்கேதான் நடக்கின்றன, மேலே உள்ள பொத்தான்களெல்லாம் சும்மா அழகுக்கு என்று நான் முடிவு செய்துகொண்டேன்.

இந்த அறிவு வீணாகக் கூடாதில்லையா? ஆயுத பூசையன்று கொழுந்து லொறி டிரைவர் பானட்டைத் திறந்து எஞ்சினுக்கே திருநீறு பூசியதை நான் பார்த்திருந்தேன். மெஷினுக்கு வெளியே பூசினால் போதாது, உள்ளே போக வேண்டும். ஆகவே பரீட்சைக்கு முதல்நாள் பின்னேரம், சித்தி பீலித் தண்ணீரில் குளிக்கப் போன நேரத்தில், கத்தி நுனியால் ஆணியைத் திருகினேன். சித்தியின் பழைய கணக்குக் கொப்பியில் ஓரமாகக் கிழித்த தாளில் மாரியம்மன் கோயில் திருநீறை மடித்து, பேட்டரிக்கு அடியில் வைத்து மூடினேன். பொத்தானை அழுத்தினேன். பூச்சியம் வந்தது. அன்றைக்கு எனக்கு இருந்த பெருமை அந்த லொறி டிரைவருக்குக்கூட இருந்திருக்காது.

மறுநாள் சித்தி திரும்பி வந்தபோது நெற்றியில் ஒரு பக்கமாகத் திருநீறு இழுபட்டிருந்தது. காலையில் போகும்போது அது இல்லை. என்னைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்தாள்.

"பாப்பா, உள்ள துன்னூறு வச்சது நீதானே?"

"ஆமா சித்தி. வேல செஞ்சிச்சா?"

"செஞ்சிச்சு. இனிமே வச்சா சொல்லிட்டு வை, என்ன?"

பிறகு அவளும் அம்மாவும் பீலிப் பக்கம் போய்ப் பேசினார்கள். அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். சந்தோஷத்தில் அழுகிறாள் என்று நினைத்தேன். உள்ளே வந்த அம்மா கையை ஓங்கினாள். சித்தி பின்னாலிருந்து "அக்கா" என்றாள். ஓங்கிய கை இறங்கி என் தலைமுடியை ஒதுக்கிவிட்டது.

நடந்ததை நான் கம்பஸில் பட்டப்படிப்புப் படிக்கிற காலத்தில்தான் அம்மா சொன்னாள். என் திருநீறுப் பொட்டலம் பேட்டரியைத் தூக்கிப் பிடித்திருக்கிறது. மலைப்பாதையில் பஸ் குலுங்கிய குலுக்கலில் பேட்டரி சுருள் கம்பியைவிட்டு நழுவிவிட்டது. பரீட்சை மண்டபத்தில் மூன்றாவது கணக்கோடு கால்குலேட்டர் செத்துப்போக, சித்தி மூடியைத் திறந்திருக்கிறாள். மேசையில் விழுந்தது ஒரு மடித்த தாள். மேற்பார்வைக்கு நின்ற சிங்கள அம்மாவுக்குத் திருநீறு புரிந்தது. ஆனால் அந்தத் தாளின் மறுபக்கத்தில் சித்தியின் கையெழுத்தில் அரைச் சூத்திரம் ஒன்று இருந்தது. அவர் சித்தியை வெளியே அனுப்பவில்லை. தாளையும் கால்குலேட்டரையும் வாங்கிவைத்துவிட்டு, முன்வரிசையில் உட்கார்ந்து எழுதச் சொன்னார். பாவம், அவரும் வேறென்ன செய்வார்? சைன் முப்பது அரை என்பது சித்திக்கு மனப்பாடம். மற்றக் கோணங்களுக்கு அவள் எங்கே போவாள்? வியர்வையைத் துடைத்த விரலில் திருநீறு இருந்தது. அதுதான் நெற்றியில் ஒட்டியிருந்தது.

சித்தி தேறவில்லை. பேர் பதிவதை இன்னொரு தடவை தள்ளிவைக்க, அம்மாதான் வீட்டில் எல்லாரோடும் சண்டை பிடித்தாளாம். எனக்கு இது எதுவும் தெரியாது. பெரிய பரீட்சை என்றால் இரண்டு முறை எழுத வேண்டும் போல என்று நினைத்து, "எங்க சித்தி ரெண்டு தடவ எழுதுறாங்க" என்று லயம் முழுக்கப் பெருமையடித்துக்கொண்டு திரிந்தேன். சித்தி அதையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருப்பாள்.

சித்தி இப்போது ஹல்துமுல்லைப் பக்கம் ரோட்டு வேலைகளுக்கு அளவெடுக்கிறாள். அவளிடம் நான் இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை. ஒவ்வொரு தடவையும் வாய் வரைக்கும் வருகிறது. அவள் உடனே சாப்பிட்டாயா என்று கேட்டுவிடுகிறாள்.

இரண்டாம் பரீட்சையன்று விடியற்காலை நான் திருநீறுத் தட்டோடு காத்திருந்தேன். சொல்லிவிட்டு வைக்கச் சொன்னாள் அல்லவா? சித்தி கால்குலேட்டரைப் பையில் போட்டு மூடிவிட்டு, என் முன்னால் குனிந்து நெற்றியைக் காட்டினாள்.

"இந்தத் தடவ இங்க வை பாப்பா. இங்க வச்சா யாரும் தெறந்து பாக்க மாட்டாங்க."

எனக்கு ஏமாற்றமாக இருந்தது. வெறும் நெற்றியில் வைத்தால் மெஷினுக்கு எப்படிப் போய்ச் சேரும்? பெரியவர்களுக்கு மெஷினைப் பற்றி ஒன்றுமே தெரிவதில்லை என்று நினைத்துக்கொண்டேன். ஆனாலும் பாவமே என்று, அவள் கேட்ட இடத்தில் பூசிவிட்டேன்.