நண்டு வேங்கடத்தின் சீட்டுப் பெட்டி

திருவேங்கடம் என்று கூப்பிட்டால் பழவேற்காட்டில் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். திருவேங்கடமே திரும்ப மாட்டான். நண்டு வேங்கடம் என்று கேட்டுப் பாருங்கள், பஸ் ஸ்டாண்டில் சுண்டல் விற்பவர்கூட விரலை நீட்டி வழி சொல்லுவார். அந்த விரலும் ஒரு தடவையாவது அவனுடைய மரநண்டிடம் கடி வாங்கிய விரலாகத்தான் இருக்கும்.

ஏரிக்கரைக் குப்பத்தில் மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்தவன்தான். ஆனால் படகில் கால் வைத்தால் குமட்டும். கடலை விடுங்கள், இடுப்பளவு ஏரித் தண்ணீரில் படகு லேசாக அசைந்தாலே தின்றதெல்லாம் வெளியே வந்துவிடும். அவனுடைய நைனா மூன்று மாதம் பொறுத்துப் பார்த்தார். "மீன் புடிக்க இட்டுனு போனா மீனுக்குச் சோறு போட்டுனு கீறான்" என்று தலையில் அடித்துக்கொண்டு, கடைத்தெருவில் கௌஸ் மைதீன் பாயின் மரப்பட்டறையில் கொண்டுபோய் விட்டுவிட்டார். அது ஆகிவிட்டது இருபத்தாறு வருஷம். கதவு, ஜன்னல், கட்டில், அலமாரி என்று இன்றைக்கும் அங்கேதான் வேலை. நல்ல வேலைக்காரன், அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. சந்தேகமெல்லாம் வேலை முடிந்த பிறகு அவன் என்ன செய்வான் என்பதில்தான்.

பட்டறையில் மிச்சம் விழும் துண்டுக் கட்டைகளை எடுத்துப் போகச் சொல்லிவிட்டார் பாய். வேறு யாராவது என்றால் வெந்நீர் அடுப்புக்குப் போட்டிருப்பார்கள். வேங்கடம் அதையெல்லாம் வீட்டுக்குக் கொண்டுபோய், ஊரை ஏமாற்றுவதற்கென்றே சாமான் செய்தான். தேக்குத் துண்டில் செல்போன் செய்து கறுப்புப் பெயின்ட் அடித்து பஸ் ஸ்டாண்டு பெஞ்சில் வைத்துவிட்டு எதிர்க்கடையில் உட்கார்ந்துகொள்வான். அக்கம்பக்கம் பார்த்துவிட்டு எடுப்பவர் திருப்பிப் பார்த்தால் பின்னால் 'இன்னா, ஏமாந்தியா?' என்று எழுதியிருக்கும். டீக்கடைத் தட்டில் நாலு பஜ்ஜிக்கு நடுவே ஒரு மர பஜ்ஜி. அதைக் கடித்தவர் கடைக்காரரைத் திட்ட, கடைக்காரர் வேங்கடத்தைத் தேட, அவன் அதற்குள் அனுப்பம்பட்டு ஸ்டேஷனில் நிற்பான்.

எல்லாவற்றுக்கும் மேலே அந்த நண்டு. தீப்பெட்டி அளவுதான். இரண்டு கொடுக்குகளையும் விரித்து நடுவே ஒரு சின்னக் குச்சியை முட்டுக் கொடுத்துவிட்டால் வாயைப் பிளந்துகொண்டு காத்திருக்கும். விரல் பட்டதும் குச்சி நழுவும், சைக்கிள் டியூப் ரப்பர் இழுக்கும், டப்பென்று கவ்விக்கொள்ளும். அழகான சின்னப் பெட்டிக்குள் அதை வைத்து நீட்டுவான். "இன்னா கீது உள்ள?" என்று கேட்டால், "சத்தியமா ஒண்ணும் இல்லப்பா, கைய வுட்டுப் பாரு" என்பான். கடிபட்டவன் கத்தினால், "எறும்பு கடிச்ச மாதிரிதானே இருந்துச்சு, அதுக்குப்போய் இன்னா சத்தம்?" என்பான். இந்த இரண்டு வசனத்தையும் அவனைவிட அவனுடைய மனைவி காந்தா நன்றாகச் சொல்லுவாள். அத்தனை வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். பொன்னேரி சந்தையில் மீன் விற்பவள். காலையில் கூடையைத் திறந்தால் இறாலுக்கு நடுவே மர இறால் சிரிக்கும். பாவம், நல்ல பொறுமைசாலி.

இப்படிப்பட்டவனிடம்தான் ஊர்த் தலைவர் மாணிக்கம் போன ஆடி மாதம் ஒரு பெரிய காரியத்தை ஒப்படைத்தார்.

ஏரியில் எல்லா இடத்திலும் ஒரேமாதிரி மீன் ஓடாது. முகத்துவாரத்துப் பக்கம் வலை கட்டினவனுக்கு இறால் கொட்டும், ஓரத்தில் கட்டினவனுக்குச் சேறுதான் மிஞ்சும். அதனால் எந்த இடம் யாருக்கு என்பதை ஊர் கூடிச் சீட்டுப் போட்டு முடிவு செய்வார்கள். பாடு என்று பெயர். அவரவர் கையாலேயே அவரவர் சீட்டை எடுக்க வேண்டும், மறுபேச்சு கிடையாது. சீட்டு எடுக்கும் பழைய மண்பானையை ஒரு ஆடு முட்டி உடைத்துவிட்டது. போன தடவை அவசரத்துக்குப் பச்சை பிளாஸ்டிக் குடத்தில் போட்டார்கள். வெளிச்சத்தில் சீட்டு உள்ளே தெரிந்தது என்று ஒருவன் சொல்ல, தெரியவில்லை என்று இன்னொருவன் சொல்ல, பத்து நாள் சண்டை. அண்ணன் தம்பிகள் பேச்சை விட்டார்கள்.

"மரத்துல ஒரு பெட்டி பண்ணிக் குடு வேங்கடம்" என்றார் மாணிக்கம். "கை மட்டும் பூர்ற மாதிரி ஓட்டை. உள்ள இன்னா இருக்குதுன்னு ஒருத்தனுக்கும் தெரியக் கூடாது. உனக்குப் பாடு கெடையாது, அதனால உன் கைப் பெட்டின்னா எவனும் பேச மாட்டான்."

வேங்கடம் உடனே சரி என்றுவிட்டான். ஊரில் வரி கட்டுகிறான், திருவிழாவுக்குத் தோரணம் கட்டுகிறான், எல்லாம் சரி. ஆனால் வலை கட்டாதவன் என்று குப்பத்தில் அவனை ஒரு விருந்தாளி மாதிரிதான் வைத்திருந்தார்கள். இப்போது ஊரின் பாடே தன் பெட்டிக்குள் விழப்போகிறது என்றால் சும்மாவா? அன்றைக்கே காந்தாவிடம், "இதுல விளையாட மாட்டேன், பார்த்துனே இரு" என்றான். அவள் நம்பின மாதிரியே தலையாட்டினாள்.

நிஜமாகவே விளையாடவில்லை. பட்டறையில் சேர்த்து வைத்திருந்த தேக்குத் துண்டுகளில் நல்லதாகப் பொறுக்கி, ஆணி இல்லாமல் பொருத்து வெட்டிச் செய்தான். ஓட்டையின் விளிம்பை உப்புத்தாள் போட்டுத் தேய்த்துத் தேய்த்து, தண்ணீரில் ஊறிய கைக்கும் கீறல் விழாதபடி வழுவழுப்பாக்கினான். முடிந்ததும் கௌஸ் மைதீன் பாய் வந்து பெட்டியை வாங்கினார். பார்த்தார். தலைகீழாகக் கவிழ்த்தார். காதோரம் வைத்துக் குலுக்கினார்.

"இன்னா பாய், நீங்களுமா?"

"இல்ல வேங்கடம், பேஜார் பண்ணாத. மெய்யாலுமே உள்ள ஒண்ணும் இல்லியா?"

"சத்தியமா ஒண்ணும் இல்ல பாய்."

பாய் பெட்டியை மெதுவாகக் கீழே வைத்துவிட்டு இரண்டடி தள்ளி நின்றார். 

பாடு போடும் நாள் காலையில் அவன் குளித்துக்கொண்டிருந்தபோது, "நீ பொறுமையா வா, பொட்டிய நான் எடுத்துனு போறேன்" என்று காந்தா பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். அம்மன் கோயில் முன்னால் இறக்கி வைத்து, முந்தானையால் வெளியே துடைத்தாள், கையை விட்டு உள்ளேயும் துடைத்தாள். பிறகு பெண்கள் பக்கம் போய் நின்றுகொண்டாள். தலைவர் கற்பூரம் காட்டி, எண் எழுதிய காகிதச் சுருள்களை ஒவ்வொன்றாக ஓட்டை வழியாகப் போட்டார்.

"பூபதி, நீ வாப்பா மொதல்ல."

பூபதி என்றால் சாதாரண ஆள் இல்லை. புயல் நேரத்தில் முகத்துவாரத்தில் குதித்து இரண்டு பேரை இழுத்துவந்தவன். அவன் பெட்டிக்கு அருகே வந்தான், ஓட்டையைப் பார்த்தான், வேங்கடத்தைப் பார்த்தான், கையைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

"முரளி எடுக்கட்டும் தலைவரே. சின்னவன்."

"நானா? பொங்கலுக்குக் கடிச்சதுக்கே நகம் கறுத்துப் போச்சு. நான் வரல, ஆள வுடுங்க" என்று முரளி விரலைத் தூக்கிக் காட்டினான்.

கூட்டத்தில் ஒருவரை ஒருவர் முன்னால் தள்ளினார்கள். சுறாவுக்குப் பயப்படாத மகராசன்கள், ஒரு முழப் பெட்டிக்கு நடுங்கினார்கள்! வேங்கடம் முன்னால் வந்தான். "எப்பா, சத்தியமா ஒண்ணும் இல்லப்பா" என்றான். சொன்னதும் கூட்டம் இன்னும் ஓரடி பின்னால் போனது. சொல்லியிருக்கக் கூடாது. ஆனால் அவனிடம் வேறு சொல்லும் இல்லை. உள்ளபடி சொல்ல வேண்டிய நாளுக்கு ஒரு சொல்லையாவது மிச்சம் வைத்திருக்கலாம் என்று அப்போதுதான் பட்டது.

"அந்தப் பிளாஸ்டிக் குடத்தையே எடுத்துனு வாங்கப்பா" என்று பின்னாலிருந்து தமிழ்வாணன் குரல் கொடுத்தான். அதற்கு இரண்டு பேர் முறைத்தார்கள், மூன்று பேர் சரி என்றார்கள். பழைய சண்டை மறுபடி முளைவிடும் போலிருந்தது. தலைவர் பெட்டியை ஓரமாக நகர்த்தச் சொல்லிக் கையைக் காட்டினார். வேங்கடத்துக்குக் கண் கலங்கிவிட்டது. நிஜமாகவே கலங்கிவிட்டது. அதையும் நடிப்பு என்றுதான் நினைத்திருப்பார்கள்.

அப்போது பெண்கள் பக்கமிருந்து காந்தா சத்தம் போட்டாள். "யோவ், ஊரை எதுக்குக் கெஞ்சினு கீற? உன் பொட்டிதானே? நீயே மொதல்ல கைய வுட்டுக் காட்டு!"

நல்ல யோசனை! வேங்கடம் சட்டைக் கையை மடித்தான். எல்லாரும் பார்க்க முழங்கை வரைக்கும் உள்ளே விட்டான். "பாருங்க, இந்த மூலை, ஒண்ணும் இல்ல. இந்த மூலை, ஒண்ணும் இல்ல. இந்த…"

டப்.

"ஐயோ அம்மா!" கையை உருவினான். நடுவிரலில் அவனுடைய நண்டு தொங்கிக்கொண்டிருந்தது.

 பிறகு கிளம்பியது பாருங்கள் ஒரு சிரிப்பு! தலைவர் மாணிக்கம் கற்பூரத் தட்டை வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டார். முரளி மண்ணில் புரண்டான். போன தடவைச் சண்டையில் பேச்சை விட்ட அண்ணனும் தம்பியும் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து சிரித்தார்கள். "நான் வெக்கலப்பா, சத்தியமா நான் வெக்கல!" என்று வேங்கடம் விரலை உதறிக்கொண்டு குதித்தான். யார் காதில் விழுந்தது?

பூபதி கண்ணைத் துடைத்துக்கொண்டே முன்னால் வந்தான். "அவ்ளோதான், நண்டு வெளிய வந்துட்ச்சு. இனிமே இன்னா பயம்?" என்று கையை விட்டுச் சீட்டை எடுத்தான். அவன் பின்னால் முரளி. முரளிக்குப் பின்னால் தமிழ்வாணன். வரிசை கோயில் வாசலைத் தாண்டி நீண்டது. சேறு கிடைத்தவன்கூட முணுமுணுக்கவில்லை.

வேங்கடம் விரலை வாயில் வைத்துக்கொண்டு காந்தாவைப் பார்த்தான். அவள் முந்தானையை உதறி இடுப்பில் செருகிக்கொண்டு வேறெங்கோ பார்த்தாள்.

வீட்டுக்குப் போகும் வழியில்தான் கேட்டான். "நான்தான் விளையாடலன்னு சொன்னேனே, நம்பலியா நீ?"

"நான் நம்புனேன்யா. நான் நம்பி இன்னா பிரயோஜனம்? நீ பண்ண பொட்டின்னா உள்ள எதுனா ஒண்ணு இருந்தே தீரணும் அவுங்களுக்கு. இருந்துச்சு. எடுத்தாச்சு. இப்போ நம்புறாங்க, இல்ல?"

வேங்கடம் நடுத்தெருவில் நின்றுவிட்டான். ஊரையே ஏமாற்றியவனை இத்தனை வருஷத்தில் முதல்முறையாக ஒருத்தி ஏமாற்றியிருக்கிறாள், அதுவும் அவனுடைய நண்டை வைத்தே. அவனுக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. காந்தாவின் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அவளும் தெருவென்றும் பார்க்காமல் சிரித்தாள்.

"எறும்பு கடிச்ச மாதிரிதானே இருந்துச்சு?" என்றாள்.

விரல் வீங்கி, உள்ளுக்குள் விண்விண் என்று தெறித்துக்கொண்டிருந்தது. இருபத்தாறு வருஷத்தில் தன் நண்டிடம் அவன் வாங்கிய முதல் கடி.

வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாக அந்த நண்டை எடுத்து, ரப்பரில் ஒரு சுற்றைத் தளர்த்தினான். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு அரைச் சுற்றைத் திரும்ப ஏற்றினான்.