அவுஸ்திரேலியாவிலிருந்து வந்த திறப்பு

அவுஸ்திரேலியாவில் இருக்கும் அக்கா தந்த போன், அப்டேட் போட்டதும் என் சிம்மை ஏற்க மறுத்தது. மட்டக்களப்பு டவுனில் போன் திருத்துபவர், "இது அந்த நாட்டுக் கொம்பனி போட்ட பூட்டு. திறக்கிற நம்பர் அவங்கதான் தரவேணும்" என்றார். வீட்டு வைஃபையில் அக்காவுக்கு எழுதினேன்: "போன்ட திறப்ப வாங்கி அனுப்புங்க." ஓம் என்று பதில் வந்தது.

மூன்று கிழமை கழித்து, அங்கிருந்து லீவில் வந்த ஒருவர் எங்கள் ஊர் ஆரையம்பதி வரை தேடிவந்து ஒரு சின்னப் பெட்டியைத் தந்தார். உள்ளே, சிம் தட்டைக் குத்தித் திறக்கும் ஊசி. எரிச்சல்தான் வந்தது. ஆனால் அக்காவைச் சொல்லிக் குற்றமில்லை. சாவியைத் திறப்பு என்னும் ஊரில் பிறந்த நான், நம்பர் என்றே எழுதியிருக்க வேண்டும்.

பிறகு நம்பரும் வந்தது, போனும் திறந்தது. ஊசியை வீட்டுத் திறப்போடு கோர்த்துவிட்டேன். அதற்காவது அப்டேட் வராது.