அண்ணன் கொடுத்த மஜ்ஜை

எண்பதுகளின் பிற்பகுதியில் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் தையல் மெஷின் ஓட்டிக்கொண்டிருந்தேன். குடியாத்தத்தில் விசைத்தறி வைத்து லுங்கி நெய்த என் அண்ணனுக்கு அது பெரிய மானக்கேடு. "தோல் கம்பெனிக்குப் போறவ என் வாசப்படி மிதிக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டார். ஆறு வருஷம் அவருடைய கௌரவத்தை நானும் பத்திரமாகக் காப்பாற்றிக் கொடுத்தேன்.

பிறகு ஈறில் ரத்தம் கசிந்தது. கை காலெல்லாம் நீலத் திட்டுகள். ஒருநாள் மெஷின் மேலேயே மயங்கி விழுந்தேன். சூப்பர்வைசர் முதலில் மெஷினைப் பார்த்தார். நல்ல மனிதர், அடுத்தபடியாக என்னையும் பார்த்தார்.

வேலூர் ஆஸ்பத்திரியில் இடுப்பெலும்பில் ஊசி போட்டுச் சோதித்த டாக்டரம்மா, "ரத்தத்தை உண்டாக்கற தாய்ச் செல்லுங்க எலும்பு மஜ்ஜையில இருக்கும்மா. உடம்பைக் காக்கவேண்டிய செல்லுங்களே உனக்கு அதை அழிக்குது" என்றார்.

மஜ்ஜையில் எல்லாக் காவல் செல்களும் ரவுடிகள் அல்ல, அவற்றில் சில, தாய்ச் செல்களைச் சுற்றி நின்று மற்ற காவல் செல்களை அடக்கி வைக்கும் என்று வெகுகாலம் கழித்துப் படித்தேன். என் உடம்பில் அந்த நல்லவர்கள் லீவில் போயிருந்தார்கள் போலும்.

வேறொருவரின் மஜ்ஜையை ஏற்றினால்தான் நான் பிழைப்பேனாம். பொருந்தும் மஜ்ஜையைக் கூடப்பிறந்தவர்களிடம்தான் தேட வேண்டுமாம். எனக்கிருந்த ஒரே கூடப்பிறப்பு அந்த லுங்கி முதலாளி. என் கணவர் தயங்கித் தயங்கிப் போய்ச் சொன்னார். மறுநாள் முதல் பஸ்ஸில் அண்ணன் வந்து இறங்கிவிட்டார். சோதனையில் எல்லாம் அச்சு அசலாகப் பொருந்தியது. ஆறு வருஷம் பேசாத இருவருக்கு உள்ளே அத்தனை ஒற்றுமை.

"எலும்பை வெட்டுவீங்களா? அப்புறம் இடுப்புல லுங்கி நிக்குமா?" என்று கேட்டார் அண்ணன்.

"ஊசியாலதான் எடுப்போம். கொஞ்ச நாள் வலிக்கும். மஜ்ஜை தானா ஊறிடும்."

"என் கோவமும் அவளுக்குப் போய்டுமா?"

"அது அவங்ககிட்ட ஏற்கெனவே ஜாஸ்தியாத்தான் இருக்கு" என்றார் டாக்டரம்மா.

என் பழைய காவல் செல்களை மருந்தால் அடக்கினார்கள். போகிற போக்கில் அது என் தலைமுடியையும் கொண்டுபோனது. பிறகு கண்ணாடி அறைக்குள் படுக்கவைத்து, அண்ணனின் மஜ்ஜையை ஒரு பையில் தொங்கவிட்டுச் சொட்டுச் சொட்டாக ஏற்றினார்கள். இத்தனை ஆர்ப்பாட்டத்துக்குப் பிறகு, பார்க்க அது சாதாரண ரத்தம் மாதிரிதான் இருந்தது.

மூன்றாவது வாரம் ரத்த அணுக்கள் ஏறத் தொடங்கின. அண்ணன் கண்ணாடியில் முகத்தை ஒட்டிக்கொண்டு, "இன்னா, ஏறிச்சாமே?" என்று கத்தினார். நான் தலையாட்டினேன்.

"சரி, தறியைப் பாக்கணும், கிளம்பறேன்" என்றவர், வெளியிலிருந்த பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டார். சாயங்காலம் வரை எழுந்திருக்கவே இல்லை.