தலையணையிலிருந்து பார்த்தால்

"ஜன்னல் எந்தப் பக்கம்?"

டி.வி. வாங்க வந்தவர்களிடம் அவர் கேட்கும் முதல் கேள்வி இது. பதில் வருவதற்குள் சட்டைப்பையிலிருந்து ஒரு பழைய ரசீதை எடுத்து, அதன் பின்பக்கம் ஒரு கட்டம் போட்டுவிடுவார். அதுதான் உங்கள் அறை. ஜன்னலுக்கு ஒரு கோடு, கதவுக்கு ஒரு பிறை, சோபாவுக்கு ஒரு செவ்வகம். வந்தவர் சுவர் முழுக்க எரியும் நாற்பது டி.வி.க்களை வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருப்பார். இவரோ கையகலக் காகிதத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். கடையில் இவருக்கு ஜன்னலண்ணன் என்று பெயர்.

ஐம்பதைத் தொட்ட, ஒல்லியான மனிதர். பையில் எப்போதும் ஒரு மெல்லிய துணி இருக்கும். கண்ணாடி மாதிரி எது கண்ணில் பட்டாலும் துடைப்பார்; ஒருமுறை பேசிக்கொண்டே என் மூக்குக்கண்ணாடியை வாங்கித் துடைத்துக் கொடுத்தார். டி.வி.க்களை ஆட்களைப் போலத்தான் பேசுவார். "இவன் நல்லவன், ஆனா வெளிச்சத்துல நிக்க மாட்டான்." "இவனை நேரா பாத்தா பளிச்சுன்னு சிரிப்பான், பக்கவாட்டுல நின்னு பாத்தா வெளுத்துருவான்."

"ஓ.எல்.இ.டி.யா, சாதா எல்.இ.டி.யா? எது சார் பெஸ்ட்?" என்று கேட்டால், "யாருக்கு சார்?" என்பார். அப்புறம் பொறுமையாகச் சொல்வார். சாதா எல்.இ.டி.யில் திரைக்குப் பின்னால் விளக்கு, ஓ.எல்.இ.டி.யில் ஒவ்வொரு புள்ளியும் தானே எரியும், அணைந்தால் கறுப்பு கறுப்பாகவே இருக்கும், எங்கிருந்து பார்த்தாலும் நிறம் மாறாது. "ஆனா ஒரே சேனலைக் காலையில இருந்து ராத்திரி வரைக்கும் ஓட விடறவங்க வீட்டுக்கு வேணாம் சார். மூலையில நிக்குதே சேனல் சின்னம், அது தழும்பு மாதிரி அப்படியே ஒட்டிக்கும்."

இப்போதெல்லாம் இன்னொரு கேள்வியும் கேட்கிறார்: "வீட்ல படுத்துட்டே பாக்கறவங்க யாராவது இருக்காங்களா?" ஆமாம் என்று சொல்லிவிட்டால் போச்சு. ஒரு காலி அட்டைப்பெட்டியைப் பிரித்துத் தரையில் போட்டு, தேய்த்த சட்டையோடு ஒருக்களித்துப் படுத்துவிடுவார். படுத்தபடியே ஒவ்வொரு டி.வி.யாகப் பார்ப்பார். மேனேஜர் ஓடி வருவார். "அண்ணே, எந்திரிங்க. கஸ்டமர் ஆம்புலன்சைக் கூப்பிட்டுடப் போறாங்க." இவர் படுத்தபடியே, "ஒரு நிமிஷம் சார்" என்பார்.

இந்தக் கேள்வி தொடங்கிய நாள் எனக்குத் தெரியும். நான் அந்த அறையில் இருந்தேன்.

அவருடைய அப்பாவைப் பார்த்துக்கொள்ள நர்சான என்னை அழைத்தபோது, பெரியவர் பக்கவாதத்தில் விழுந்து பதினான்கு மாதம் ஆகியிருந்தது. வலது பக்கம் போய்விட்டது, பேச்சும் போய்விட்டது. கண், காது, புத்தி மூன்றும் தெளிவு. பெயின்ட் கடையில் நாற்பது வருடம் நிறம் கலந்தவர். வெள்ளையிலேயே பதினோரு வெள்ளை பிரித்துச் சொல்வாராம்.

காற்றுக்காகக் கட்டில் ஜன்னலோரம் கிடந்தது. டி.வி. எதிர்ச்சுவரின் அடுத்த கோடியில், சோபாவுக்கு நேராக, சுவரோடு சுவராகப் பதித்திருந்தது. ஒரு ஒயர் வெளியே தெரியாது. மகன் பெருமையாகக் காட்டினார்.

"அப்பா முன்னெல்லாம் நாள் முழுக்க கடல், மீன் காட்டற ஒரே சேனல்தான் பாப்பாரு சிஸ்டர். ஓ.எல்.இ.டி. வெச்சா தழும்பு விழுந்துடும்னு யோசிச்சுத்தான் இதை எடுத்தேன்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஆனா அவருக்கு இப்ப எதுலயும் நாட்டமில்ல. போட்ட உடனே வேணாங்கறாரு."

"எப்படிச் சொல்றாரு?"

இடது கையை வீசிக் காட்டினார். கடையில் பிடிக்காத பொருளை ஒதுக்குகிறவர்கள் அப்படித்தான் கையை வீசுவார்களாம். அப்பா வீசியதும் இவர் அணைத்துவிடுவார்.

நோயாளியின் தலையணையில் ஒருமுறை என் தலையை வைத்துப் பார்ப்பது என் வழக்கம். விளக்கு கண்ணில் குத்துகிறதா, காற்று முகத்தில் அடிக்கிறதா என்பதெல்லாம் நின்றுகொண்டு பார்த்தால் தெரியாது. மூன்றாம் நாள் பெரியவரைச் சாய்வு நாற்காலியில் உட்காரவைத்துப் படுக்கை விரிப்பை மாற்றினேன். டி.வி.யைப் போட்டுவிட்டுப் படுத்துப் பார்த்தேன். டி.வி.யில் கடல் ஓடிக்கொண்டிருந்தது. நீலம் இல்லை. துணி அலசிய தண்ணீர் மாதிரி இருந்தது. மீன்களெல்லாம் சாம்பலில் புரட்டி எடுத்தவை. எழுந்து சோபா அருகே போய் நின்றேன். அதே கடல், கண்ணைப் பறிக்கும் நீலம்.

சாயங்காலம் மகன் கடையிலிருந்து வந்தார். பெரியவரை மறுபடி நாற்காலிக்கு மாற்றியிருந்தேன்.

"தம்பி, கொஞ்சம் இப்படி வந்து படுங்க."

"என்ன சிஸ்டர், எனக்கும் பிரஷர் பாக்கப் போறீங்களா?"

"படுங்க. தலையணையில தலையை வைங்க."

சிரித்துக்கொண்டேதான் படுத்தார். டி.வி.யைப் போட்டேன். சிரிப்பு நின்றது. நாற்காலியிலிருந்து பெரியவர் இடது கையைத் தூக்கி வீசினார். தள்ளவில்லை. வெளியிலிருந்து தன் பக்கமாக ஒரு வளைவு. கட்டிலிலிருந்து பார்த்த மகனுக்கு அது நன்றாகவே புரிந்தது.

"டி.வி.யைத் திருப்பச் சொல்லியிருக்காரு," என்றார் மகன்.

"ஆமா."

"நான் அணைச்சிருக்கேன்."

"ஆமா."

தேறுதலுக்காகப் பொய் சொல்லி எனக்குப் பழக்கமில்லை. "எழுந்து கை கழுவிட்டு வாங்க. அப்பாவுக்குச் சாப்பாடு கொடுக்கணும்," என்றேன்.

மறுநாளே சுவரை உடைத்து ஒயர்களை உருவினார்கள். ஓ.எல்.இ.டி. வந்தது. எங்கிருந்து பார்த்தாலும் ஒன்றுதான் என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவர், அதையும் நம்பாமல் இழுத்துத் திருப்பும் இரும்புக் கையில் மாட்டிக் கட்டிலைப் பார்க்கத் திருப்பினார். தலையணையில் தானே முதலில் படுத்துப் பார்த்தார். பிறகுதான் அப்பாவைப் படுக்கவிட்டார்.

நீலம் வந்தது. பெரியவர் கையை வீசவில்லை. கட்டைவிரலால் சுட்டுவிரல் நுனியை மெதுவாகத் தேய்த்தார்.

"வலிக்குதா?" என்று நான் கேட்டேன்.

"இல்ல சிஸ்டர்," என்றார் மகன். "கலவை சரியா வந்துட்டா அப்படித்தான் பண்ணுவாரு."

ஆறு மாதம் அந்த டி.வி. காலை எட்டு மணிக்குக் கண் விழித்து இரவு பத்துக்குத்தான் தூங்கியது. ஒரே சேனல். ஒரு மதியம், அது ஓடிக்கொண்டிருந்தபோதே பெரியவர் போய்விட்டார். துக்கத்துக்கு வந்தவர்களில் ஒருவர், "கடைசி ஆறு மாசம் சந்தோஷமா டி.வி. பாத்தாருன்னு சொன்னாங்க" என்றார். "பதினாலு மாசம் பாக்கலையே," என்று மட்டும் சொன்னார் மகன். பேச வந்தவர் பேச்சை மாற்றிவிட்டார்.

போன வாரம், அங்கே விட்டுவந்த பிரஷர் கருவியை எடுத்துவரப் போயிருந்தேன். கட்டில் இல்லை. டி.வி.யைச் சோபா பக்கம் திருப்பியிருந்தார்கள். அவர் மனைவி பாட்டுப் போட்டி பார்த்துக்கொண்டிருந்தாள். மேடை வெளிச்சமாகும்போதெல்லாம் வலது மேல் மூலையில் மங்கலாக ஒரு வட்டம், அதற்குள் ஓர் ஆமை. கடல் சேனலின் சின்னம்.

"பாத்தீங்களா சிஸ்டர்? ஊருக்கெல்லாம் தழும்பு விழும்னு சொல்றவர் வீட்டு லட்சணம்!" என்றாள். "சுத்தம் பண்ற வழி அதுக்குள்ளயே இருக்காம். ஒரு பட்டனை அழுத்தினா ஒரு மணி நேரத்துல பாதியாவது போயிடுமாம். நாலு மாசமா கரடியாக் கத்தறேன். என்னங்க, சிஸ்டர் முன்னாடியாவது அழுத்துங்களேன்."

அவர் ரிமோட்டை வாங்கினார். நிகழ்ச்சி போய், திரையில் ஒரு கேள்வி வந்து நின்றது. திரையைச் சுத்தம் செய்யவா? கீழே இரண்டு பெட்டிகள்: இப்போது, பிறகு. வெளிச்சம் 'இப்போது' மேல்தான் இருந்தது.

கட்டைவிரல் ஒருமுறை சுட்டுவிரலைத் தேய்த்தது. ஒரு பெட்டி தள்ளி, 'பிறகு' என்பதை அழுத்தினார். ரிமோட்டைத் துணியால் துடைத்துத் தன் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.