மடிப்புக்கு ஒரு வசவு

லண்டனுக்கு வந்த புதிதில் பஸ்ஸில் ஒருவர் காலை மிதித்துவிட்டேன். மிதிபட்டவர் என்னைப் பார்த்து "சாரி" என்றார். "நோ, நோ, மிதித்தது நான்" என்று விளக்கப் போனேன். இன்னொரு "சாரி" சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். உள்ளுக்குள் என்னதான் திட்டினாரோ என்று அன்று முழுக்க எனக்கு அதே நினைப்பு. பிற்பாடு நானே பஸ் கண்டக்டர் ஆனேன். டிக்கெட் மெஷினைச் சுற்றச் சுற்ற வாய் "தேங்க்யூ" சொல்லும். மனசு பேசியதை அம்மா கேட்டிருந்தால் என் வாயைக் கழுவச் சொல்லியிருப்பாள்.

வெளியே ஒரு ஆள், உள்ளே வேறொரு ஆள். மனோதத்துவக் கதை எழுத இதைவிட என்ன வேண்டும்? ஆனால் லண்டன் பஸ்ஸை நம் ஊரில் யார் படிப்பார்கள்? அதனால் அந்த ஆளைத் திருச்சி பெரிய கடைவீதியில் ஜவுளிக்கடை முதலாளியாக உட்காரவைத்தேன். அலமாரி முழுக்க இறக்கிப் பார்த்துவிட்டு வெறுங்கையோடு எழுந்து போகிறவர்களுக்கும் அவர் சிரித்தபடி "போயிட்டு வாங்க" என்பார். பிறகு சேலைகளைத் திரும்ப மடிக்கும்போது மடிப்புக்கு ஒரு வசவு, மனசுக்குள். ஒரு வாரப் பத்திரிகை கதையைப் போட்டது. என் அக்கா புருஷனும் அதே கடைவீதியில் ஜவுளிக்கடைதான் வைத்திருக்கிறார் என்பது எழுதும்போது, சத்தியமாக, என் மண்டையில் ஏறவே இல்லை. நீங்களும் நம்பமாட்டீர்கள். யாரும் நம்பவில்லை.

லீவில் கப்பலேறி பம்பாய் வந்து, அங்கிருந்து ரயிலில் ஊர் சேர்ந்து, பெட்டியோடு நேரே ஸ்ரீரங்கத்தில் அக்கா வீட்டுக்குப் போனேன். அக்கா வாசலிலேயே மறித்தாள்.

"உள்ள வராதடா தம்பி. கடைக்கு வர்றவங்க சேலையப் பாக்கல, இவர் கையத்தான் பாக்குறாங்க. 'இப்ப என்ன வசவு முதலாளி?'ன்னு கேட்டுச் சிரிக்கிறாங்க. அவன் இந்தப் படி ஏறினா நீயும் அவனோட போயிடுன்னு சொல்லிட்டாருடா."

எனக்கு இருப்பது ஒரே அக்கா. தெருவில் நின்றபடியே கத்தினேன்: "அத்தான், அது நீங்க இல்ல, நான்தான்! தினம் பஸ்ல ஏறுறவங்கள எல்லாம் அப்படித்தான் திட்டுறேன்!"

அத்தான் வெளியே வந்தார். என்னை ஏற இறங்கப் பார்த்தார். சிரித்துவிட்டார்.

"நீயா? உனக்கு ஒரு ஈய வெரட்டத் தெரியுமா? அக்காவுக்காக இவ்வளவு பெரிய பொய் சொல்றியே மாப்பிள, அதுக்காகவே வா. காபி சாப்பிடு."

"பொய் இல்ல அத்தான்!"

"சரி, சரி. நாளைக்குக் கடையில என் பக்கத்துல உக்காரு. நமக்குள்ள சண்டை இல்லன்னு ஊரு பாக்கட்டும்."

தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. அங்கே என் உள்ளே இருப்பவன் யார் என்று கேட்க நாதியில்லை. இங்கே நானாகச் சொன்னாலும், நான் யார் என்பதை எனக்கு முன்பே முடிவு கட்டி வைத்திருக்கிறார்கள்.

மறுநாள் கடையில் உட்கார்ந்தேன். ஒரு அம்மாள் மலைபோல் சேலைகளைப் பிரிக்கச் சொல்லிவிட்டு எழுந்துகொண்டார். அத்தான் கைகூப்பி "போயிட்டு வாங்க" என்றார். பழக்கதோஷம், நான் "தேங்க்யூ" என்றேன். அத்தான் என் தொடையைக் கிள்ளினார். "வாங்காம போறவங்களுக்கு என்னடா தேங்க்யூ? குத்திக் காட்டுறோம்னு நினைக்கப் போறாங்க. சிரி. மடி."

சிரித்தேன். மடித்தேன். முதல் மடிப்புக்கு நல்ல திருச்சித் தமிழில் ஒன்று வந்தது. இரண்டாவதற்கு லண்டன் பஸ் டிப்போவில் கற்றுக்கொண்டது. மூன்றாவதற்கு எந்த ஊர் வசவை எடுப்பது என்று தெரியாமல், பாதி மடித்த சேலையோடு, சிரித்த முகம் மாறாமல் உட்கார்ந்திருந்தேன்.