சர்வீஸ் புத்தகத்தில் விட்டுப்போன பத்தொன்பது மாதம்

ஆகஸ்ட் பதினைந்து, காலை ஆறு நாற்பது. கூடத்துக்கு வந்ததும் நான் முதலில் பார்த்தது, அத்தாவின் மூக்குக் கண்ணாடி அவர் கையில் இருந்ததை. பேப்பரை முழுசாகப் படித்து முடித்தால்தான் அவர் கண்ணாடியைக் கழற்றுவார். மடியில் ஏழாம் பக்கம் விரிந்திருந்தது. அந்தப் பக்கம் முழுக்க நான் எழுதியது. நம் மாவட்டத்திலிருந்து ராணுவத்தில் சேர்ந்து வெளிநாட்டு மண்ணில் பணியாற்றியவர்களைப் பற்றிய கட்டுரை.

"மொத்தம் பதினோரு பேரா?" என்று கேட்டார்.

"கிடைச்சது பதினொண்ணுதான் அத்தா."

"சரி" என்றார். பேப்பரை மடித்து வைத்துவிட்டு முகம் கழுவப் போனார்.

நான் பத்து வருஷமாக ஒரு நாளிதழின் திருவண்ணாமலை நிருபர். என்னைப் பெற்ற அத்தா கரீம், ராணுவத்தில் என்ஜினியர் பிரிவில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். கட்டுரைக்காக ஆள் தேடிக்கொண்டிருந்தபோது அவர் முதல் தடவையாகச் சொன்னார், "நானும் இலங்கையில இருந்தேன்டா. எம்பத்தெட்டுல. பத்தொம்போது மாசம்" என்று. எனக்குத் தெரிந்து அவர் பூனாவில் இருந்தார். இடுப்பில் இருக்கும் பெரிய தழும்பும் பூனாவில் லாரி கவிழ்ந்தபோது பட்டது. வீட்டில் அப்படித்தான் சொல்லி வளர்த்தார்கள்.

அவருடைய டிஸ்சார்ஜ் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். அந்த இரண்டு வருஷமும் பூனா. வெளிநாட்டுச் சேவை: இல்லை. காயம்: இல்லை. பதக்கங்கள் என்ற இடத்தில் சர்வீஸ் போட்ட எல்லோருக்கும் வருகிற இரண்டு மட்டும்.

"வேற ஆதாரம் எதுனா இருக்கா அத்தா?"

"இல்ல."

காகிதம் இல்லாததை அச்சில் போடக் கூடாது என்று எங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். நான் போடவில்லை. அதோடு, அவர் வயசான காலத்தில் கொஞ்சம் கூட்டிச் சொல்கிறார் என்றும் நினைத்தேன். இதை நம் ஜமாஅத் இதழில் எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனால் இதை விட்டுவிட்டு மீதியை எழுதினால் அது சாட்சி ஆகாது.

அக்டோபரில் அத்தாவுக்குச் சோறு இறங்கவில்லை. வேலூருக்கு அழைத்துப் போனோம். இரைப்பையில் புற்றுநோய், ஈரலுக்கும் போய்விட்டது என்றார்கள். எவ்வளவு நாள் என்று கேட்டேன். ஆறு மாதம், கூடினால் ஒன்பது மாதம் என்றார் டாக்டர். திரும்பி வரும்போது காரில் அத்தா ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். போளூர் தாண்டியதும் பேசினார்.

"அந்தப் புக்குல இலங்கையை எழுதி வாங்கிக் குடு. நான் போறதுக்குள்ள. மத்தவனுக்குக் காட்ட வேணாம். நீ பார்க்கணும்."

அவர் என்னிடம் அதற்கு முன் எதையும் கேட்டதில்லை.

நவம்பரில் விண்ணப்பம் போட்டேன். சர்வீஸ் ஆவணங்களைத் திருத்தும் அலுவலகம் வடக்கே இருக்கிறது. இங்கே வேங்கிக்காலில் இருக்கும் முன்னாள் படைவீரர் நல அலுவலகம் வழியாகத்தான் காகிதம் போக வேண்டும். பிப்ரவரியில் பதில் வந்தது. ஒன்றரைப் பக்கம். ஒரு சிப்பாய் எங்கே போனாலும் வந்தாலும் அவனுடைய யூனிட் ஒரு உத்தரவு போடும். அதை வைத்துத்தான் அவன் புத்தகத்தில் ஏறும். அத்தாவின் பெயரில் அப்படி ஓர் உத்தரவு வரவில்லை. அத்தா சொன்னபடி, அவரைப் பூனா யூனிட்டிலிருந்து இலங்கை போகும் வேறொரு படைக் கம்பெனிக்குத் தற்காலிகமாக அனுப்பியிருக்கிறார்கள். அனுப்பியவர்கள் எழுதவில்லை. இது முதல் காரணம். இரண்டாவது காரணத்தோடு ஒரு நகல் இணைத்திருந்தார்கள். ஓய்வு பெறும் நாளில் ஒவ்வொருவனிடமும் அவன் சர்வீஸ் விவரத்தைக் கொடுத்து, வரி வரியாகப் படிக்கச் சொல்லிக் கையெழுத்து வாங்குவார்கள். 'சரிபார்த்தேன், திருத்தம் ஏதுமில்லை' என்ற வரிக்குக் கீழே அத்தாவின் கையெழுத்து இருந்தது. தெளிவான கையெழுத்து.

நகலை அவர் முன்னால் வைத்தேன்.

"ஆமா. நான்தான் போட்டேன்" என்றார். "கிளார்க்கு நல்ல பையன். நான் அங்க இருந்தது அவனுக்குத் தெரியும். சார், ஸ்ரீலங்கா விட்டுப்போயிருக்கே, எழுதிப் போட்டு சேர்க்கட்டுமானு கேட்டான். வேணாம்னுட்டேன்."

"ஏன்?"

அத்தா அம்மாவைப் பார்த்தார். அம்மா வெங்காயம் உரிப்பதை நிறுத்தவில்லை.

"ஊருக்குத் தெரியக் கூடாதுனு சொல்லித்தான் எங்க வீட்ல பொண்ணு குடுத்தாங்க" என்றாள் அம்மா. "அப்ப ஊரு எப்படி இருந்துச்சுனு உனக்கு என்ன தெரியும்? செவுத்துல எல்லாம், தமிழனைக் கொன்ன பட்டாளம்னு எழுதியிருப்பான். அந்தப் பட்டாளத்துல போனவன்னு தெரிஞ்சா எங்க வளையல் கடையில எவ வந்து கை நீட்டுவா? எங்க அத்தா கண்டிசனா சொல்லிட்டாரு. இவரும் பூனானே சொல்லிட்டு இருந்துட்டாரு."

"அங்கேருந்து லெட்டர் எதுனா எழுதினாரா?"

"எழுதினாரு. எங்க மாமியாருக்கு, முப்பது நாப்பது இருக்கும். நான் கல்யாணம் ஆகி வந்ததும் எல்லாத்தையும் வெந்நீர் அடுப்புல போட்டேன்."

அத்தா சிரித்தார். "நல்லா சூடா இருந்துச்சு தண்ணி" என்றார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஊர் கேட்கக் கூடாது என்று பத்து வருஷம் மறைத்தார், அப்புறம் பழக்கத்தில் இருபது வருஷம் மறைத்தார். கடைசியில் ஊர் மறந்துவிட்டது. இன்றைக்கு அந்தக் கடைக்கு வரும் பெண்களுக்கு அது எந்த வருஷத்துக் கதை என்றே தெரியாது. மறைத்தது மட்டும் அப்படியே ஆவணமாக நிற்கிறது.

தகவல் உரிமைச் சட்டத்தில் நான்கு மனு போட்டேன். ராணுவ மருத்துவமனையின் அந்த வருஷத்துப் பதிவேடுகள் காலக்கெடு முடிந்து அழிக்கப்பட்டன என்று ஒரு பதில். சம்பந்தப்பட்ட யூனிட்டைக் கேளுங்கள் என்று இரண்டு பதில். நான்காவதற்குப் பதிலே இல்லை. கலெக்டர் ஆபீஸ் வட்டாரத்தில் எனக்குத் தெரியாத ஆள் கிடையாது. பத்து வருஷத்தில் மற்றவர்களுக்காக எத்தனையோ காகிதத்தைத் தோண்டி எடுத்திருக்கிறேன். என் வீட்டுக்கு ஒன்று கிடைக்கவில்லை. அத்தாவின் எடை நாற்பத்தாறு கிலோவுக்கு வந்துவிட்டது.

அப்போது ரமலான் பிறந்தது. உண்மையைச் சொல்கிறேன். நான் ஜும்ஆவுக்குப் போகிறவன், அவ்வளவுதான். அதுவும் செய்தி இல்லாத வெள்ளிக்கிழமையில். நோன்பு பதிமூன்று அன்று அஸர் தொழுதுவிட்டுப் பள்ளிவாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன். எல்லோரும் போய்விட்டார்கள். கஞ்சிப் பாத்திரத்தைக் கழுவும் சத்தம் மட்டும் கேட்டது. நீளமாக துஆ கேட்க எனக்கு வராது. "யா அல்லாஹ், ஒரே ஒரு காகிதம் கொடு. என் அத்தா உண்மையைச் சொன்னார் என்று காட்டும் ஒரு காகிதம். அவர் கண் பார்க்கும்போதே கொடு. நம்பாமல் இருந்தவன் நான். அதற்கு என்னைப் பிடி, அவரைக் காக்க வைக்காதே" என்று கேட்டேன். அழுகை வந்தது. அழுதேன்.

மறுநாள் நோன்பு பதினாலு. அதாவது ஊருக்குப் பௌர்ணமி. வேங்கிக்கால் அலுவலகத்துக்குப் பத்து மணிக்கு வரச் சொல்லியிருந்தார்கள், திரும்பி வந்த கோப்பை வாங்கிக்கொள்ள. கிரிவலக் கூட்டத்துக்காக ரோட்டை அடைத்து பஸ்ஸை எல்லாம் திருப்பிவிட்டிருந்தார்கள். பிரஸ் கார்டைக் காட்டியும் பைக்கை விடவில்லை. நடந்தேன். போய்ச் சேர்ந்தபோது மணி பன்னிரண்டு நாற்பது. நோன்பு வைத்த வாய் காய்ந்திருந்தது. வெறுப்பில் இருந்தேன்.

உள்ளே எழுத்தர் கோப்பை எடுத்து, அத்தாவின் ராணுவ எண்ணைச் சத்தமாகப் படித்துப் பேரேட்டில் பதிந்தார். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர் தலையைத் தூக்கினார். நரைத்த மீசை, தோளில் துண்டு, மடியில் பிளாஸ்டிக் கவர்.

"கடைசி மூணு நம்பர் இன்னொரு வாட்டி சொல்லுங்க."

எழுத்தர் சொன்னார். மூன்று, ஒன்று, ஏழு.

"த்ரீ ஒன் செவன் கரீமா? உயிரோட இருக்கானா?"

அவர் பெயர் ஏழுமலை. கீழ்பென்னாத்தூர் பக்கம் விவசாயம். சுபேதாராக ஓய்வு பெற்றவர். மனைவி பெயரை பென்ஷன் ஆர்டரில் சேர்க்க வந்திருந்தார். அவருக்கும் பஸ் கிடைக்காமல் தாமதம். கம்பெனியில் இரண்டு கரீம் இருந்ததால் ஒருவரை இந்த மூன்று எண்ணைச் சொல்லித்தான் கூப்பிடுவார்களாம். பட்டாளத்தில் அதுதான் வழக்கம் என்றார்.

வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்றோம். டீ வாங்கித் தருகிறேன் என்றார். நோன்பு என்றேன். தானும் குடிக்காமல் நின்றார்.

"ட்ரிங்கோமலைக்கு முப்பத்தொரு பேரை ஏத்திட்டுப் போனவன் நான்தான். உங்கப்பா அதுல ஒருத்தன். ஒண்ணா மண்ணுல படுத்தோம். போன ஆகஸ்டுல ஒரு பேப்பர்ல பக்கம் பூரா போட்டிருந்தானுங்க, வெளிநாட்டுக்குப் போன சோல்ஜருனு. எங்க ஆளுங்க ஒருத்தன் பேரும் இல்ல. எவனோ ஃபேனுக்கடியில உட்கார்ந்து எழுதியிருக்கான்."

"நான்தாங்க எழுதினேன்."

துண்டை உதறித் தோளில் போட்டார். "உங்கப்பன் பேரை ஏன் போடல?"

"ஆதாரம் இல்லைனு விட்டுட்டேங்க."

"இடுப்பைக் காட்டச் சொன்னியா?"

வீட்டில் ஒரு காகிதம் இருக்கிறது, சாயங்காலம் வந்து பார் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்று சாயங்காலமே அவர் வீட்டுக்குப் போனேன். நிலப் பத்திரங்களோடு ஒரு தகரப் பெட்டியில் அதை வைத்திருந்தார். கப்பல் ஏறிய நாளில் தட்டச்சு செய்த பெயர்ப் பட்டியலின் கார்பன் பிரதி. ஆட்களை அழைத்துப் போகிறவர் கையில் ஒரு பிரதி இருக்க வேண்டும் என்பது விதி. முப்பத்தொரு பெயர், எண்ணோடு. கீழே அதிகாரியின் கையெழுத்து, வட்ட முத்திரை. பதினாலாவது பெயர் அத்தாவுடையது. பக்கத்தில் சிவப்புப் பென்சிலில் 'காயம், ஹெலிகாப்டரில் அனுப்பியது' என்று ஆங்கிலத்தில் சுருக்கமாக எழுதி, தேதியும் போட்டிருந்தது. நான்கு பெயர்களின் மேல் அதே பென்சிலால் கோடு. அந்த நான்கு பேரைப் பற்றி நான் கேட்கவில்லை. பாங்கு சொல்லும் நேரம் ஆகிவிட்டது. அவர் வீட்டில் பேரீச்சம்பழம் இல்லை. வெல்லமும் தண்ணீரும் கொடுத்தார்கள். அதில் நோன்பு திறந்தேன்.

சகோதரர்களே, பத்து மணிக்குப் போயிருந்தால் ஏழுமலை அங்கே இல்லை. பைக்கை விட்டிருந்தாலும் இல்லை. இதைத் தற்செயல் என்று ஒரு நிருபர் எழுதலாம். முந்தின நாள் அஸருக்குப் பிறகு என்ன கேட்டேன் என்பது எனக்குத் தெரியும். என்னால் அப்படி எழுத முடியாது.

பட்டியலின் சான்றிட்ட நகலும், நோட்டரி முன் ஏழுமலை கொடுத்த வாக்குமூலமும், அத்தாவின் இடுப்பு எக்ஸ்ரேயும் போயின. எக்ஸ்ரேயில் எலும்பை ஒட்டி மூன்று இரும்புத் துண்டுகள் தெரிந்தன. அத்தனை வருஷம் அவை அங்கேதான் இருந்தன. ஒரு படம் எடுத்தால் தெரிந்திருக்கும். எங்களில் யாரும் எடுக்கச் சொல்லவில்லை.

ஜூன் மாதம் ஒரு புதன்கிழமை பதில் வந்தது. வெளிநாட்டுச் சேவை, இலங்கை, பத்தொன்பது மாதம். போர்க் காயம், ஆம். வெளிநாட்டுச் சேவைப் பதக்கமும் காயப் பதக்கமும் பதியப்பட்டன. வருத்தம் தெரிவிக்கும் வரி எதுவும் இல்லை. அவரே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த பிறகு அதை எதிர்பார்க்கவும் முடியாது. அத்தா படுக்கையில் இருந்தார். கண்ணாடியை நான்தான் மாட்டிவிட்டேன். இரண்டு தடவை படித்தார்.

"சரியா இருக்கு. நீயும் படி" என்றார்.

படித்தேன். சத்தமாகப் படிக்கச் சொன்னார். அம்மா கதவோரம் நின்று கேட்டாள். படித்து முடித்ததும், "மன்னிச்சுடுங்க அத்தா" என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றி என்னிடம் கொடுத்தார். தண்ணீர் கேட்டார்.

பத்திரிகையில் ஒரு திருத்தம் போடச் சொல்லி ஆசிரியருக்கு எழுதினேன். போன வருஷத்துக் கட்டுரை, யாருக்கும் ஞாபகம் இருக்காது என்றார். அவர் சொன்னது சரிதான். திருத்தம் வரவில்லை.

அல்லாஹ் எனக்குக் காகிதத்தைக் கொடுத்தான். கேட்டபடியே, அவர் கண் பார்க்கும்போது கொடுத்தான். அவனுக்கே புகழ் எல்லாம். நான் இப்போது ஐந்து வேளையும் தொழுகிறேன். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து, ஓய்வு பெற்ற சிப்பாய்கள் யார் வந்தாலும் மனு எழுதிக் கொடுக்கிறேன். ஏழுமலையும் வந்து உட்காருகிறார். இன்னும் இரண்டு பேர் புத்தகத்தில் இலங்கை இல்லை என்று அவர்தான் தேடிக் கண்டுபிடித்தார். எல்லா வழியும் அடைபட்டுவிட்டது என்று இருப்பவர்கள் அவனிடம் கேளுங்கள், எனக்குக் கொடுத்தவன் உங்களுக்கும் கொடுப்பான். கேட்பதற்கு முன்னால், உங்கள் வீட்டு மனிதர் சொல்வதை ஒரு முறை உட்கார்ந்து கேட்டுவிடுங்கள். நான் செய்யாதது அது.

கடிதம் வந்த பிறகு அத்தா ஏழு வாரம் இருந்தார். அந்த ஏழு வாரமும், வலி கம்மியாக இருந்த நேரங்களில், இலங்கையைப் பற்றி என்னிடம் சொன்னார். நான் எழுதிக்கொண்டேன். இருபத்திரண்டு பக்கம் வந்தது. அதை அச்சில் போடக் கூடாது என்று சொல்லிவிட்டார்.