எண்ணெய்ப் புள்ளி மறைந்த இடம்

போண்டா கட்டி வந்த காகிதத்தை மேசை விளக்கின் முன்னே பிடித்தேன். எண்ணெய்ப் புள்ளி பளிச்சென்று தெரிந்தது. அவ்வளவுதான், ஆம்பூரில் தோல் காயப்போடும் எங்கள் கொட்டகைக்கே போய்விட்டேன்!

அக்கா கல்யாணத்துக்கு அப்பா காஸ் லைட் வாங்கியிருந்தார். நூறு மெழுகுவர்த்தி வெளிச்சம் என்று கடைக்காரர் சத்தியம் செய்திருந்தார்.

"அளந்து பாத்துடலாம்பா" என்றாள், மிஷன் பள்ளியில் பௌதிகம் படித்த அக்கா.

பட்டப்பகலில் கொட்டகைக் கதவுகளைச் சாத்தினோம். ஒரு பக்கம் காஸ் லைட், எதிரே ஒற்றை மெழுகுவர்த்தி, நடுவில் எண்ணெய்ப் புள்ளி வைத்த தாள். இரு பக்கமும் வெளிச்சம் சமமானால் புள்ளி மறைந்துவிடுமாம். அக்கா தாளை மெல்ல நகர்த்தினாள். எனக்குத் தோல் நாற்றம்கூட மறந்துபோனது. புள்ளி மறைந்தேவிட்டது!

அப்பா தாளிலிருந்து தூரத்தை அளந்தார். மெழுகுவர்த்தி ஓரடி, லைட் பத்தடி.

"பத்து மடங்குதானா? ஏமாத்திட்டான்! இப்பவே திருப்பிக் குடுத்துட்டு வர்றேன்."

அக்கா வாசலை மறித்தாள். "இன்னாப்பா நீ! தோல சதுர அடியில அளக்குற, வெளிச்சத்த மட்டும் நீளத்துல அளக்குறியே? அதுவும் அகலம், உசரம் ரெண்டுலயும் விரியுதுல்ல? பத்துக்குப் பத்து எவ்ளோ?"

"நூறு!" அப்பா கத்திய கத்தலில் ஓட்டிலிருந்த புறாக்கள் பறந்தன.

சாயங்காலம் நிலா ஏறியதும் தாளோடு வெளியே ஓடினார்.

"அது எத்தன அடி தூரம்னு மட்டும் சொல்லும்மா, மீதிய நான் பாத்துக்கறேன்!"

போண்டா ஆறுகிறது. நான் காகிதத்தோடு விளக்குக்கும் நிலா தெரியும் ஜன்னலுக்கும் நடுவே நடந்துகொண்டிருக்கிறேன்.